பிராண்ட் நிறங்கள் வாங்குகிறீர்களா? கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் சிறிய நிறுவனத்தின் இணையதளத்துக்கு பிராண்ட் நிறங்களை அமைத்துத் தரும்படி ஒரு டிசைன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். முழுப் பணமும் வாங்கிக்கொண்டு அவர்கள் அனுப்பியது ஒரே ஒரு ஜேபெக் படம். ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் 'விடியல் ஆரஞ்சு', 'ஆழ்கடல் நீலம்' என்று ஒரு பெயர். திரையில் ஒரு நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் ஹெக்ஸ் குறியீடு இல்லை. எந்த நிறம் எங்கே வரவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பார்க்க நன்றாக இருந்தது, நாங்களும் சரி என்றுவிட்டோம்.

தளத்தைக் கட்டியவருக்கு வேறு வழியில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் அந்தப் படத்திலிருந்தே நிறத்தைத் தொட்டு எடுத்திருக்கிறார். ஜேபெக் கோப்பைச் சுருக்கும்போது, ஓரங்களில் முக்கியமாக, நிறம் லேசாகப் பிசகும். ஒரே தளத்தில் நான்கு விதமான ஆரஞ்சு வந்து சேர்ந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு பட்டன்மேல் வெள்ளை எழுத்து வைத்திருந்தோம். வயதான வாடிக்கையாளர்கள் போன் செய்து, "ஆர்டர் பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னே தெரியலையே" என்றார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும் மாறுபாட்டு விகிதத்தை அளந்து பார்த்தேன், ஏறக்குறைய 2:1. பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் இணையதளத்தைப் பயன்படுத்த முடியவேண்டும் என்பதற்கான, டபிள்யூசிஏஜி எனப்படும் அணுகல்தன்மை விதிகள், ஏஏ என்ற நடு நிலையில், சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்துக்கு 3:1. இரண்டுக்குமே நாங்கள் தேறவில்லை. அதே ஆரஞ்சின்மேல் கருப்பு எழுத்தை வைத்தபோது 10:1-ஐத் தாண்டியது. 'இந்த நிறத்தின்மேல் வெள்ளை எழுத்து வேண்டாம்' என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் அத்தனை பேர் கண்ணைச் சுருக்கிப் படித்திருக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிழைச் செய்திக்கென்று தனி நிறமும் தரவில்லை. அதுவும் ஆரஞ்சிலேயே வந்ததால், படிவத்தில் தப்பு இருக்கிறது என்பதையே பலர் கவனிக்கவில்லை.

அப்புறம் விசிட்டிங் கார்டு. திரையில் பளிச்சென்று இருந்த நீலம் தாளில் மங்கி, ஊதா சாய்ந்து வந்தது. அச்சகத்தைத் திட்டப் போனேன், தப்பு அவர்களுடையது இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளைக் கலக்கிறது. சில பளிச்சென்ற நீலங்களும் பச்சைகளும் அந்த மைகளுக்கு எட்டாது. அதற்குத்தான் அந்த நான்கு மைகளின் அளவைச் சொல்லும் சிஎம்ஒய்கே மதிப்பையோ, முன்பே கலந்த தனி மையைக் குறிக்கும் பான்டோன் எண்ணையோ டிசைனரே பார்த்துத் தேர்ந்து தரவேண்டும்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "பயன்பாட்டுக் கையேடு தனி வேலை, அதுக்குத் தனிக் கட்டணம்" என்றார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லாத நிறங்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அதை முதல் நாளே சொல்லாமல் பணம் முழுவதையும் வாங்கியதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நிறத் தொகுப்பு - 1' என்று மட்டும் இருந்தது. உங்கள் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது என்றால், கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை விரித்து எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு நிறத்துக்கும் ஹெக்ஸ் குறியீடும் அச்சு மதிப்பும், பின்னணி, எழுத்து, இணைப்பு, பட்டன், பிழை ஆகியவற்றில் எதற்கு எது, எந்த ஜோடி கூடாது, அளந்த மாறுபாட்டு விகிதம் எவ்வளவு. இவ்வளவும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.