எஸ்எஸ்எச் வழி நுழைவு: லோக்கேலை யார் தீர்மானிப்பது, நம் கணினியா சர்வரா?

லோக்கேல் என்பது நிரல்கள் எந்த மொழி, எழுத்துக் குறியாக்கம், வரிசை முறையில் இயங்க வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு. டெபியன், உபுண்டு என்னும் இரு லினக்ஸ் வகைகளிலும், தொலைவிலுள்ள சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச், லோக்கேலைக் குறிக்கும் நம் கணினியின் லாங், எல்சி மாறிகளை மறுமுனைக்கு அனுப்பும்படியும், அங்குள்ள சர்வர் அவற்றை ஏற்கும்படியும் முன்கூட்டியே அமைக்கப்பட்டுள்ளது. அவை பயன்படுத்தும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூல வெளியீட்டில் இந்த அனுப்புதலும் இல்லை, ஏற்பதும் இல்லை. லோக்கேலைத் தீர்மானிக்கும் மூன்று வழிகளில் முதலாவது, டெபியனிலும் உபுண்டுவிலும் நாம் கேட்காமலேயே நடப்பில் இருக்கும் இந்த வழி.

நம் கணினியில் தமிழ் லோக்கேல் இருந்து, சர்வரில் அது உருவாக்கப்படாமல் இருந்தால், பெர்ல் என்னும் நிரல்மொழியின் எச்சரிக்கைகள் திரையை நிரப்பும். அது வெறும் இரைச்சல்தான். ஆனால் நிரல்கள் தமிழ் எழுத்துகளை அறியாத வெறும் 'சி' லோக்கேலுக்கு இறங்கிவிடுவதால், கோப்புப் பெயரில் உள்ள 'த' என்னும் ஒற்றை எழுத்தை கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை \340\256\244 என்று காட்டுவது தொல்லையே. மேக் கணினியின் டெர்மினல் அனுப்பும் வெறும் 'யுடிஎஃப்-8' என்ற மதிப்பையும் லினக்ஸ் அறியாது.

இரண்டாவது வழி, லோக்கேல்-ஜென் என்னும் கட்டளை கொண்டு தேவையான லோக்கேலைச் சர்வரிலேயே உருவாக்குவது. சொந்தச் சர்வருக்கு இதுவே போதும்.

பலர் நுழையும் சர்வருக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: சர்வர் பக்க எஸ்எஸ்எச் சேவையான எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பில், எந்த மாறிகளை ஏற்பது எனச் சொல்லும் அக்செப்ட்என்வ் வரியிலிருந்து லாங், எல்சி மாறிகளை நீக்கி, சேவையை மறுதொடக்கம் செய்து, சர்வரின் பொது லோக்கேலை, சி லோக்கேலோடு யூனிகோட் எழுத்துகளையும் அறிந்த சி.யுடிஎஃப்-8 என நிலைநிறுத்துவது. முதலிரண்டு வழிகளில், ஒருவர் அமெரிக்க ஆங்கில லோக்கேலில் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி வைத்த கோப்பை, சி லோக்கேலில் நுழைந்த இன்னொருவர், வரிசைப்பட்ட இரு கோப்புகளை ஒப்பிடும் காம் கட்டளைக்குக் கொடுத்தால், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு முறையில் வரிசைப்படுவதால், கோப்பு வரிசையில் இல்லை என்று அது முறையிடும். கையால் ஓட்டும்போது சரியாக வந்த ஸ்கிரிப்ட், நம் எஸ்எஸ்எச் மாறிகள் எட்டாத, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் கிரானில் வேறு விடை தருவதும் இதனால்தான். சி.யுடிஎஃப்-8 டெபியனில் நெடுங்காலமாக உண்டு. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் மூல வெளியீட்டில் 2022இல் வந்த 2.35ஆம் பதிப்பில் சேர்ந்தது.

மூன்றாவது வழியின் குறை தமிழுக்கே உரியது. யூனிகோட் எண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்தும் 'ப'வுக்கு முன்னும் நிற்பதால், பெயர்ப்பட்டியல் அகரவரிசையில் அமையாது. அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் முன்னால் எல்சி_ஆல் மாறியில் தமிழ் லோக்கேலைக் கொடுத்தால் போதும். அதற்காக முழுச் சர்வரையும் மாற்ற வேண்டியதில்லை, அந்த லோக்கேல் அங்கு உருவாக்கப்பட்டிருந்தால் சரி.

சர்வரில் ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாதவர்கள், தங்கள் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அந்த ஹோஸ்டுக்கு மட்டும், ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2018இல் வெளிவந்த 7.8ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் செட்என்வ் என்னும் வரி வழியாக, எல்சி_ஆல் மாறியை சி.யுடிஎஃப்-8 ஆக அனுப்பலாம். மறுமுனை எல்சி மாறிகளை ஏற்றால்தான் அது பலிக்கும்.