ஜோடி என்று கொடுத்தார்கள், ஜோடி இல்லை: 5க்கு 2

சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன்களில் நன்னீர் மீன் கடைகள் அளவுக்குக் கடல் மீன் கடைகள் கிடையாது, அதனால்தான் இந்தக் கடைக்குப் போனேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேங்குகள் சுத்தமாக இருந்தன, எந்த மீன் மேலும் வெள்ளைப் புள்ளி நோய் இல்லை, கேட்டதும் தீனி போட்டுக் காட்டினார்கள், மீன்கள் பாய்ந்து வந்து சாப்பிட்டன. தண்ணீரின் உப்பையும் அளந்து 1.025 என்று காட்டினார்கள், கடல் மீனுக்குச் சரியான அளவு. இரண்டு ஸ்டார் அதற்குத்தான்.

மரூன் க்ளவுன் என்பது கருஞ்சிவப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன். "மரூன் க்ளவுன் ஜோடி ரெடியா இருக்கு சார்" என்று சொன்ன கடைத் தம்பி, ஒரு மீனை மேல் வரிசை டேங்கிலிருந்தும் இன்னொன்றைக் கீழ் வரிசையிலிருந்தும் பிடித்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, என் நடுவிரல் நீளம் இருக்கும். அப்போதே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

க்ளவுன் மீனில் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. சேர்ந்து இருப்பதில் எது பெரிதோ, எது அடக்கி ஆள்கிறதோ அது பெண்ணாக மாறும், மாறிய பிறகு திரும்ப ஆணாகாது. ஆக, ஜோடி என்றால் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மரூனில் இந்த வித்தியாசம் ரொம்பவே அதிகம், பெண் 15 சென்டிமீட்டரைத் தாண்டும், ஆண் அதில் பாதிதான். தனித்தனியாக வளர்ந்த, ஒரே அளவு மரூன் இரண்டை ஒன்றாக விட்டால் இரண்டுமே பெண்ணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இரண்டில் ஒன்று சாகும்வரைகூடச் சண்டை நடக்கும்.

வீட்டில் விட்ட ஒரு மணி நேரத்திலேயே இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. கடைக்குப் போன் செய்தேன், "பழகிடும் சார், லைட்டை ஆஃப் பண்ணி வைங்க" என்றார்கள். அதை நம்பி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஒன்று ஹீட்டருக்குப் பின்னால் மேல் மூலையில் மூக்கை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு ஒண்டியிருக்கிறது, வால் கிழிந்த துணி மாதிரி தொங்குகிறது, ஒரு பக்கத் துடுப்பில் சவ்வே இல்லை, முள் மட்டும்தான், விலாவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில் உரிந்து வெளுத்திருக்கிறது. இந்த இனத்துக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு கூர்முள் உண்டு, அது கீறிய கோடும் உடம்பில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அரிசி களையும் பிளாஸ்டிக் கூடை புதிதாக ஒன்று வாங்கி, டேங்குக்குள்ளேயே மிதக்கக் கட்டி, அடிபட்டதை அதில் விட்டேன். மருந்து போடவில்லை. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, அம்மோனியா ஏறாமல் பார்த்து, காயத்தில் பஞ்சு மாதிரி ஏதாவது படர்கிறதா என்று காலையும் மாலையும் கவனித்தேன். துடுப்பின் அடிப்பகுதி தப்பியிருந்ததால் மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது. அடியோடு போயிருந்தால் வளர்ந்திருக்காது.

அப்புறம் அதைக் கடைக்கே கொண்டுபோனேன். உரிமையாளர் அண்ணன் மீனைத் திரும்ப வாங்கிக்கொண்டார், பாதிப் பணம் கழித்துக்கொண்டார், ஆனால் ஜோடி இல்லாததை ஜோடி என்று விற்றது தப்பு என்ற ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பணத்தைவிட அதுதான் வருத்தம். பாதிப் பணத்துக்கு நானே தேடி, கட்டைவிரல் நகம் அளவுக் குட்டி ஒன்றை எடுத்துவந்தேன். அதே கூடையில் பத்து நாள், வீட்டில் இருந்த பெரியது வெளியே, சின்னது உள்ளே. முதல் இரண்டு நாள் பெரியது கூடையை முட்டியது. ஒரு வாரம் போனதும், அது பக்கத்தில் வரும்போதெல்லாம் குட்டி பக்கவாட்டில் சாய்ந்து உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. 'நீதான் பெரியவள்' என்று அது ஒத்துக்கொள்ளும் விதம் அது. அதைப் பார்த்த பிறகுதான் திறந்துவிட்டேன்.

இந்தக் கடையில் ஜோடி வாங்கப் போகிறவர்கள் பிடிப்பதற்கு முன்னால் இரண்டும் ஒரே டேங்கில் எத்தனை நாளாக இருக்கின்றன என்று கேளுங்கள், சின்னது நடுங்குகிறதா என்று கால் மணி நேரம் நின்று பாருங்கள், துடுப்பு ஓரங்கள் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேறு வேறு டேங்கிலிருந்து பிடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரூன் தவிர்த்த மற்ற மீன்களுக்கும், டேங்க் உப்புக்கும் நான் இன்னும் இங்கேதான் போகிறேன்.