சிறுதானிய உணவகமும் பச்சை இலை முத்திரையும்

திருச்சியில் உள்ள ஒரு சிறுதானிய உணவகத்தில் அவ்வப்போது மதிய உணவு உண்டு வருகிறேன். அதன் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் பலகையில் ‘பாரம்பரிய உணவு’ என்று எழுதிவைத்திருக்கும் பல கடைகளுக்கும் பொருந்தும். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததைச் சொல்லும் சுவரொட்டி இன்னமும் கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது. இடம் சுத்தமானது, மேசைகளுக்கு இடையே தாராளமாக நடக்கலாம், விலையும் மற்றச் சைவ உணவகங்களைவிடச் சற்றுத்தான் கூடுதல். நீரிழிவு உள்ளவர் அங்கே எதை, எவ்வளவு, எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

உணவுப் பட்டியலில் சில பதார்த்தங்களுக்கு எதிரே பச்சை இலை முத்திரையும் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்ற வரியும் உள்ளன. சாமை சாம்பார் சாதம், குதிரைவாலித் தயிர் சாதம், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றோடு கருப்பட்டி அல்வாவும் அந்த முத்திரையைப் பெற்றிருக்கிறது. முதல் மூன்றைப் பற்றி இரு பக்கமும் பேச இடமுண்டு. அல்வாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கருப்பட்டியோ, வெல்லமோ, நாட்டுச் சர்க்கரையோ, எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரை. அவற்றில் உள்ள சிறிதளவு தாது உப்புகள் இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தடுத்துவிடுவதில்லை. பரிமாறும் இளைஞரிடம் இதைக் கேட்டபோது, “கருப்பட்டி சார், சுகருக்கு ஒண்ணும் செய்யாது” என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன், அச்சிட்டதைத்தான் அவர் சொன்னார். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கும் நிலையில், அந்த வரியை நம்பி அல்வா வாங்குகிறவர்கள் ஒருவர் இருவராக இருக்க முடியாது.

இனிச் சாதத்துக்கு வருவோம். தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், அதே எடைச் சாமையிலோ வரகிலோ சுமார் 65 கிராம் இருக்கும். வேறுபாடு உண்மையானதே, ஆனால் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டாலே அது காணாமற்போய்விடும். தவிடு எந்த அளவுக்கு நீக்கப்பட்டது, எவ்வளவு குழைய வேகவைக்கப்பட்டது என்பவற்றையும் பார்க்க வேண்டும். இங்கே வரும் சாம்பார் சாதம் கரண்டியிலிருந்து வழியும் அளவுக்குக் குழைந்தே இருக்கிறது. முழுக் கிண்ணத்தையும் உண்ட ஒரு நாள், இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளக்கும் என் குளுக்கோமீட்டர் 214 (மி.கி./டெ.லி.) காட்டியது. உணவுக்குப் பின் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைக்கப்படும் இலக்கு. கேழ்வரகுக் கூழ் அதைவிட விரைவாக ஏற்றும் என்பது என் அனுபவம். நைசாக அரைத்த மாவைக் காய்ச்சிக் குடிக்கும்போது செரிமானத்துக்கு அதிக வேலை இருப்பதில்லை.

கடையின் உண்மையான பலம் அந்த முத்திரை இல்லாத பகுதியில் இருக்கிறது. வாழைப்பூப் பொரியலில் பாசிப்பருப்பை மலர வேகவைத்துத் தேங்காயை அப்போதுதான் துருவிப் போடுகிறார்கள்; கீரை மசியலில் பூண்டு நசுக்கிய வாசனை எழுகிறது; கொண்டைக்கடலைச் சுண்டல் தனிக் கிண்ணத்தில் கிடைக்கிறது. அரைக் கிண்ணம் சாதமும் இரண்டு பங்கு பொரியலும் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள், பெரிய உணவகங்கள் பலவற்றில் இதற்கு வழியே இல்லை. காயையும் பருப்பையும் முதலில் உண்டு சாதத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த முறையில் உண்ட நாட்களில் என் அளவு இலக்கைத் தாண்டியதில்லை. சாதத்துக்கு முன் சுண்டலைக் கொண்டுவரச் சொன்னால் மட்டும் பரிமாறுபவர் ஒரு முறை நின்று யோசிக்கிறார்.

பட்டியலில் மாவுச்சத்தின் கிராம் அளவு எங்குமே இல்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி சொல்கிறது; ஒற்றைக் கடைக்கு அது பொருந்தாது, பொருந்தினாலும் இன்சுலின் அளவைக் கணக்கிடுபவருக்குக் கலோரி போதாது. பச்சை இலைக்குப் பதிலாக ஒரு கிண்ணத்துக்கு இத்தனை கிராம் என்று அச்சிட்டால் அவர்களுக்கும் செலவு ஒன்றுதான்.

பெரிய குறை தாமதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காவை அழைத்துச் சென்றிருந்தேன். உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர் அவர்; ஆர்டர் கொடுத்த கையோடு போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆகியும் தட்டு வரவில்லை, அவருக்கு வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கியது, மீட்டரில் 62, சர்க்கரை தாழ்ந்துவிட்டது. ஒரு கரண்டி சர்க்கரை கேட்டால், வெள்ளைச் சர்க்கரையை உள்ளே அனுமதிப்பதில்லை என்ற கொள்கையால் சமையலறையில் அது இல்லை. அதே இளைஞர்தான் ஓடிப்போய்க் கருப்பட்டிப் பானகத்தைக் கொண்டுவந்து, “அக்கா, மெதுவா குடிங்க” என்று கொடுத்தார். கால் மணி நேரத்தில் 98-க்கு ஏறியது. சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று பட்டியல் சொன்ன அதே கருப்பட்டி!

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், தட்டு மேசைக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொண்டு இங்கே வருவது நல்லது. குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். ஞாயிறு மதியத்தைத் தவிர்த்துவிடலாம். வார நாட்களில் 12.30-க்குள் போனால் பத்து நிமிடத்தில் உணவு வந்துவிடுகிறது. மாலையில் பச்சைப்பயறு அடை கிடைக்கும், அதற்குத் தரும் அவியலை இரண்டாம் முறையும் கேட்கலாம், மறுக்க மாட்டார்கள். எட்டு மணிக்கு மேல் பெரும்பாலும் மாவு தீர்ந்துவிடுகிறது.