ஔவை படம் ஒட்டிய தேன்நெல்லி: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரிக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு. போன மாதம் சென்னையிலிருந்து வந்த சித்தப்பாவை அழைத்துக்கொண்டு வரும்போது, அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். வாசலில் ஆளுயர பேனர். அதியமான் நெல்லிக்கனி நீட்டுகிறார், ஔவையார் கோலூன்றியபடி வாங்குகிறார். அதே படம் பாட்டிலிலும். 'தகடூர் மலைநெல்லி, சுத்தமான காட்டுத்தேனில் ஊறியது' என்று எழுதியிருந்தது. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பேர். அரைக் கிலோ 380 ரூபாய்.

"அந்தா தெரியுது பாருங்கண்ணா, அந்த மலையிலதான் அதியமான் பறிச்சது. இப்பவும் அங்கதான் பறிக்கிறோம்" என்றார் கடைக்காரர். சித்தப்பா மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நெல்லியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்று 91ஆம் பாட்டில் எந்த மலை என்று பேரே கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று ரெண்டு பாட்டில் வாங்கினேன், அவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. பில் கேட்டதற்கு மெஷின் ரிப்பேர் என்றார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் திறந்தால் ஒவ்வொரு காயும் எலுமிச்சை அளவு. காட்டு நெல்லி சின்னது, நார் அதிகம், துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். இது தோட்டத்தில் போடுகிற என்ஏ-7 மாதிரி ஒட்டு ரகம். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. சரி, நல்ல தேனும்தான் உறையும் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்து, காலி பாட்டிலைக் கழுவத் தண்ணீரில் போட்டார் என் மனைவி. ஔவையாரின் ஓரம் பிரிந்தது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு லேபிள்! வேறு மாவட்டத்து முகவரி. சேர்மானத்தில் முதலில் சர்க்கரை, அப்புறம் நெல்லி, தண்ணீர், எசன்ஸ். எடை அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. தேன் என்ற சொல்லே இல்லை.

அந்தக் காலி பாட்டிலோடு கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஔவையார் படம் ஒட்டினாத்தாண்ணா வண்டி நிக்குது" என்றார். பணத்துக்குப் பதில் கடலை மிட்டாய் தருகிறாராம்.

நம் பக்கத்து மாம்பழம் 'சேலத்து மாம்பழம்' என்று விற்பதில் எனக்குப் பழைய எரிச்சல் உண்டு. ஆனால் 1965 வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் மாவட்டம்தான். அந்தப் பேருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இதற்கு என்ன நியாயம்?

வாங்குவதானால் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தயாரித்த இடத்தின் முகவரியும், 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். பில் கட்டாயம். ரெண்டு லேபிளையும் படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிட்டேன். பில் இல்லாததால் கொடுத்த காசை நிரூபிக்க வழியில்லை. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் ஒன்று சாப்பிடுவதாக நேற்றுகூட போனில் சொன்னார்.