ரோஜாக் காவியம்: எந்தக் கைப்பிரதியை முதலில் பார்ப்பது?

‘ரோமான் தெ லா ரோஸ்’ என்ற பழைய பிரெஞ்சுக் காதல் காவியத்தை கியோம் தெ லோரிஸ் 1230 வாக்கில் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து ழான் தெ மேன் முடித்தார். பெண்களை இழிவுபடுத்துகிறது என்று 1401இல் பெண் எழுத்தாளர் கிறிஸ்டீன் தெ பிசான் எதிர்த்து எழுத, பெரிய வாக்குவாதமே மூண்டது. எஞ்சிய 300க்கும் மேற்பட்ட பிரதிகளில் பலரைத் தடுமாற வைப்பவை இரண்டு.

காலம்: லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ஹார்லி 4425’ என்ற எண்ணில் இருப்பது 1500ஐ ஒட்டி, இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் உருவானது. பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ‘பிரெஞ்சு 25526’, 14ஆம் நூற்றாண்டு.

அழகு: ஹார்லிதான், சந்தேகமில்லை. மதில் சூழ்ந்த தோட்டம், நீரூற்று, அருகே லூட் என்ற நரம்பு வாத்தியம் மீட்டும் இசைக்குழு: பிரபு வீட்டுச் செல்வம் பக்கமெங்கும் தெரியும்.

குறும்பு: பாரிஸ் பிரதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு பக்கத்தின் அடியில் கன்னியாஸ்திரீ ஒருத்தி, மரத்தில் காய்த்துத் தொங்கும் ஆண்குறிகளைப் பறித்துக் கூடையில் போடுகிறாள்! வேறொரு பக்கத்தில் கணவனும் மனைவியும் நூல் தயாரிக்க, எழுதிய தாள்கள் பின்னால் காய்கின்றன. இதை அலங்கரித்த ரிஷார், ழான் தெ மோன்பாஸ்தோன் தம்பதியே அவர்கள் என்பது அறிஞர்களின் கருத்து.

மூலபாடம்: ஹார்லி அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதப்பட்டது, பிரதிக்குப் பிரதி மாறும் வரிகளை (பாடபேதம்) தேடுவோருக்கு உதவாது.

வசதி: பாரிஸ் பிரதி, அந்த நூலகத்தின் காலிக்கா இணையதளத்தில் இலவசம். பிரிட்டிஷ் நூலகத்தின் மின்பிரதிகளோ 2023 இணையத் தாக்குதலில் நெடுநாள் முடங்கின.

கதையைப் படமாகத் தொடர ஹார்லி போதும். சர்ச்சை ஏன் மூண்டது என்று புரிய வேண்டுமா? பாரிஸ் பிரதியின் ஓரங்களைப் பாருங்கள்; பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது.