கொப்ளருக்கு எந்த மா, எந்தப் பழம், எந்த அடுப்பு? மலையகக் குசினிக்கு ஓர் ஒப்பீடு

பழத்தின் மேல் மாவைப் போட்டு வேகவைக்கும் இனிப்புப் பண்டமான கொப்ளரைச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் பழத்தைத்தான் தேடுவார்கள். முதலில் மாவைத் தீர்மானியுங்கள் என்பேன் நான். அடியில் கிடக்கும் பழம் புளித்தால் கொஞ்சம் சீனி கூட்டலாம், இனித்தால் எலுமிச்சம் புளி விடலாம். மேலே போடுகிற மா பிசகினால் திருத்த வழி கிடையாது. அதிலும் நுவரெலியா, கந்தப்பளை, இராகலை என்று உயரத்தில் இருக்கிற நமக்கு, கொழும்பு வீட்டில் நன்றாக வருகிற அளவுகள் அப்படியே கைகொடுப்பதில்லை.

கொப்ளர் அமெரிக்காவில் உருவான பண்டம். இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறியவர்களிடம் ஊரில் அவித்த புடிங்குகளுக்கான சாமான்கள் இல்லை. பழத்தைச் சட்டியில் போட்டு, பிசைந்த மாவை மேலே வைத்து, இருந்த நெருப்பிலேயே வேகவைத்துக்கொண்டார்கள். வசதியான ஓவன் இல்லாத குசினியில் பிறந்தது என்பதால் லயத்துக் குசினிக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன்.

ஊற்றும் மாவா, அள்ளி வைக்கும் மாவா?

போட்டி முக்கியமாக இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

ஊற்றும் முறையில் வேலை மிகக் குறைவு. 100 கிராமளவு பட்டரை ஓவன் தட்டிலேயே உருக்க வேண்டும். ஒரு கப் கோதுமை மா, ஒரு கப் சீனி, ஒரு கப் பால், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஆகியவற்றைத் தோசை மாப் பதத்துக்குக் கலந்து பட்டரின் மேல் ஊற்றி, கிளறாமல் பழத்தை மேலே போட்டுவிட்டால் முடிந்தது. வேகும்போது மா எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும். ஓரமெல்லாம் பட்டரில் பொரிந்து வரும். அந்த ஓரத்துக்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் நம் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் மேலே. காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று நமக்குத் தெரியும், காரணம் இதுதான். மாவில் இதே அழுத்தக் குறைவு வேறு விதமாக வேலை செய்கிறது. பேக்கிங் பவுடர் விடுகிற வாயு தடையில்லாமல் விரிகிறது, மா இறுகுவதற்கு முன்பே குபுகுபுவென்று எழும்புகிறது, தாங்க ஆளில்லாமல் நடுவில் அமுங்கிவிடுகிறது. ஊற்றும் மா தளர்வானது, சீனியும் அதிகம். சீனி கூடினால் மா இறுகுவது இன்னும் தாமதமாகும். ஓரம் சிவந்து, நடுவே களி மாதிரி நிற்கிற கொப்ளர் இப்படித்தான் உண்டாகிறது.

திருத்தலாம். பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, சீனியில் இரண்டு மேசைக்கரண்டியைக் கழித்து, ஓவன் சூட்டை 10 பாகை கூட்டினால் ஓரளவு சரியாக வரும். ஹட்டன், பண்டாரவளை பக்கத்து உயரத்துக்கு இவ்வளவு திருத்தம் தேவைப்படாது. பேக்கிங் பவுடரைச் சற்றுக் குறைத்தாலே போதும்.

அள்ளி வைக்கும் மாவுக்குக் கை கொஞ்சம் அழுக்காகும். 150 கிராம் கோதுமை மா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. இதில் 60 கிராம் குளிர்ந்த பட்டரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்க்க வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, அதன் சூட்டில் பட்டர் உருகிவிடும். தேய்க்கத் தேய்க்க மா வெள்ளை நிறம் விட்டு இளமஞ்சளாகி, துருவிய தேங்காய்ப்பூ பதத்துக்கு வரும். இடையிடையே கடலைப் பருப்பு அளவு பட்டர்த் துண்டுகள் தட்டுப்பட வேண்டும், அவற்றை உடைக்காதீர்கள். ஓவனில் அந்தத் துண்டுகள் உருகும் இடத்தில் நீராவி எழும்பி மாவுக்குள் பொள்ளல் விழும். கடித்தால் உதிர்வது அதனால்தான்.

பிறகு 100 மில்லிலீற்றர் பால். மாடு வைத்திருக்கிற வீட்டில் கறந்த பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சம் புளி விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். லேசாகத் திரிந்த அந்தப் பால் மாவை இன்னும் மெதுவாக்கும். பாலை விட்டதும் கரண்டியால் நாலு சுற்று, அவ்வளவுதான். ரொட்டிக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் ரொட்டிதான் கிடைக்கும். பிசுபிசுவென்று கரண்டியில் ஒட்டுகிற பதத்திலேயே கொதிக்கும் பழத்தின் மேல் இடைவெளி விட்டு அள்ளி வைக்க வேண்டும்.

இந்த மா கெட்டியானது, சீனி குறைந்தது. அதனால் உயரம் இதை அதிகம் பாதிப்பதில்லை. இன்னொரு வசதியும் நமக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கோடையில் பட்டரை மாவில் தேய்ப்பதற்குள் அது எண்ணெயாகிவிடும். இங்கே ஏப்ரலிலும் குசினி மேடை குளிர்ந்துதான் கிடக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் காலை நேரத்தில் இந்த மா ஒழுங்காக வருகிறது. மலையகத்துக்கு அள்ளி வைக்கும் மாதான் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதாகக் கிரம்பிள். பால் விடாமல், மாவையும் பட்டரையும் சீனியையும் உதிரியாகத் தேய்த்துத் தூவுவது. பேக்கிங் பவுடரே வேண்டாம் என்பதால் எந்த உயரத்திலும் பிசகாது. பத்திருபது பேருக்குச் செய்யும்போது இது சுகம். ஆனால் பழச்சாறு அதிகமானால் அடிப்பாதி ஊறிக் கூழாகிவிடும். பட்டரும் அதிகம் கேட்கும்.

பழம்

இங்கே விளைகிற பியர்ஸுக்குத்தான் என் முதல் ஓட்டு. வெலிமடை, நுவரெலியாப் பக்கம் ஆடி ஆவணியில் வருகிற அந்தக் கல்லு மாதிரியான காய். பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுவது. வெளிநாட்டு பியர்ஸ் போலக் கையில் கனிந்து வழியாது. பச்சையாகச் சாப்பிட அது குறையாகத் தெரியலாம், கொப்ளரில் அதுவே பலம். எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், சாறு அளவோடு விடும், மேல் மா ஊறாது. தோல் சீவி, நடுத்தண்டை எடுத்து, விரல் பருமனுக்கு வெட்டி உடனே எலுமிச்சம் புளி விட்ட தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் காயைப் பச்சையாக ஓவனில் வைத்தால் மா கருகும்வரை அது வேகாது. 750 கிராம் துண்டுகளுக்கு அரைக் கப் தண்ணீர், 80 கிராம் சீனி, ஒரு துண்டு கறுவாப்பட்டை, தட்டிய இஞ்சி கொஞ்சம் சேர்த்து, மூடி வைத்து 20 நிமிடமாவது அவித்துக்கொள்ள வேண்டும். நம் தண்ணீர் 94 பாகையில் கொதிப்பதால் கீழ்நாட்டு நேரக் கணக்கை நம்பாதீர்கள், கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். பல்லில் நறநறக்கும் அந்த மணல் தன்மை அவித்தால் குறையும், முழுதாகப் போகாது. எனக்கு அது பிடிக்கும்.

ஏப்ரலில் பியர்ஸ் கிடையாது. சுற்றுலாச் சீசனுக்கு ஊர் நிறைந்து, விருந்தினர் வீட்டில் இருக்கிற அந்த நாட்களுக்கு அன்னாசிதான் சரி. கீழ்நாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்குகிற மொரிஷியஸ் வகை நல்ல மஞ்சளாக, இனிப்பும் புளிப்பும் சேர்ந்து இருக்கும். இதன் பிரச்சினை சாறு. வெட்டிய அன்னாசியைச் சீனியோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி கோர்ன்ஃபிளவரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பளபளப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும். இங்கே கோர்ன்ஃபிளவர் கெட்டியாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவசரப்பட்டு இன்னொரு கரண்டி சேர்க்காதீர்கள். கொதிக்க வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பச்சை அன்னாசியில் புரொமலின் என்ற நொதியம் இருக்கிறது. அது பாலின் புரதத்தைச் சிதைப்பதால் கசப்பு தட்டும். கொதித்த அன்னாசியில் அந்த வேலை நடக்காது. ஊற்றும் மாவின் மேல் பச்சை அன்னாசியைத் தூவச் சொல்கிற செய்முறைகளை நான் ஒதுக்கிவிடுவது இதனால்தான்.

மாம்பழத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கறுத்தக்கொழும்பான் நன்றாகக் கனிந்துவிட்டால் சட்டியில் ஜாம் ஆகிவிடும். அந்த வாசனைப் பழத்தைத் தோல் சீவிச் சும்மா சாப்பிடுவதே மேல். கொப்ளருக்கென்றால் செங்காயாக வாங்கி, முன்கூட்டி அவிக்காமல், புளிப்புக்கு ஒரு கொடித்தோடைச் சாறு விடலாம். சாறு அதிகம் விடாத பழம் என்பதால், ஊற்றும் மாவுக்கு இருப்பவற்றில் பொருத்தமானது இந்தச் செங்காய்தான். மின்சார ஓவனும் மாம்பழமும் இருக்கிற வீட்டில் அந்த முறையைச் செய்து பார்க்கலாம்.

ஸ்ட்ரோபெரி நுவரெலியாவின் பெருமை. இருந்தும் கொப்ளருக்கு வேண்டாம் என்பேன். விலை கொடுத்து வாங்கிய பழம் சூட்டில் நிறம் வெளுத்துச் சுருங்கிச் சாறாகிவிடுகிறது. வெந்து இறக்கிய கொப்ளரின் பக்கத்தில் பச்சையாக நாலு வைத்தால் போதும்.

யாரும் கவனிக்காத பழம் ஒன்று உண்டு: மரத்தக்காளி. வீட்டுப் பின்புறத்தில் நிற்கும், பிள்ளைகள் பறித்துச் சப்புவார்கள். தோல் கசக்கும், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் கழன்றுவரும். மூன்று நான்கு பழத்தின் சதையை பியர்ஸோடு சேர்த்தால் சாறு முழுவதும் கருஞ்சிவப்பாகி, பியர்ஸுக்கு இல்லாத புளிப்பும் வந்து சேரும். எனக்குத் தெரிந்து மலையகத்துக்கே உரிய கொப்ளர் இதுதான். இதற்கு வெள்ளைச் சீனியைப் பாதியாக்கி, மீதிக்குக் கித்துள் கருப்பட்டியைச் சீவிப் போடுங்கள்.

அடுப்பு

கேஸ் ஓவனோ மின்சார ஓவனோ இருந்தால் 190 பாகை, 35 முதல் 40 நிமிடம். மேசையில் வைக்கும் சின்ன மின்சார ஓவனில் மேல் கம்பி மாவுக்கு மிக அருகில் இருக்கும். முதல் 20 நிமிடம் கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, பிறகு இரண்டையும் போடுவது நல்லது. நேரத்தை விடக் கண்ணை நம்புங்கள். ஓரத்தில் சாறு மெதுவாக, கனமான குமிழாக வெடிக்க வேண்டும். தண்ணீர்க் குமிழ் போலச் சலசலத்தால் இன்னும் கெட்டியாகவில்லை என்று அர்த்தம். நடுவில் இருக்கிற மாவுருண்டை ஒன்றைக் கரண்டியால் புரட்டி, அடிப்பக்கம் பச்சையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2022 இல் கேஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது பலர் மறந்திருந்த முறைக்குத் திரும்பினார்கள்: மேலும் கீழும் தணல். தடித்த அலுமினியச் சட்டியில் காய்ந்த மணலை ஓர் அங்குலத்துக்குப் பரப்பி, அதன்மேல் கொப்ளர் தட்டை இறக்கி, தட்டையான தகர மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்ப வேண்டும். நான் செய்வதைப் பார்த்த பக்கத்து லயத்து அக்கா, "ஏன் தங்கச்சி, தலைக்கு மேல நெருப்ப வச்சா மா கருகிடாதா?" என்று கேட்டார். மாவுக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் கருகாது. மேலே தணல் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இருக்க வேண்டும். கீழே அதிகமானால் சீனி அடிப்பிடித்துக் கசந்துவிடும். காய்ந்த தேயிலைக் கிளையான மிலாறு விறகு பற்றவைக்க நல்லது, ஆனால் சீக்கிரம் எரிந்து சாம்பலாகும். நின்று சூடு தருவது சிரட்டைக் கரி.

இந்த முறையில் அள்ளி வைக்கும் மா அழகாகச் சிவந்து வருகிறது. கிரம்பிள் சரிவராது, சட்டிக்குள் தங்கும் ஆவியில் உதிரி மா ஈரமாகிவிடும். ஊற்றும் மாவுக்குச் சீரான சூடு தேவை, தணலில் அதை நம்ப முடியாது.

பக்கத்தில் என்ன?

இறக்கியதும் 15 நிமிடம் ஆறவிடுங்கள், சாறு அப்போதுதான் பிடிக்கும். ஐஸ்கிரீம் வைப்பது வழக்கம். மாலை மழையில் பனி இறங்குகிற நேரத்துக்கு எனக்குச் சூடான கஸ்டர்ட்தான் பிடிக்கும். கருப்பட்டி போட்ட பியர்ஸ் கொப்ளருக்குக் கெட்டித் தயிர் அதைவிடப் பொருத்தம், தயிரின் புளிப்பு அந்த இனிப்பைத் தாங்கிக்கொள்ளும். மீந்ததை மறுநாள் மூடாமல் ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் மேல் மா திரும்ப மொறுமொறுப்பாகி, காலைப் பிளேன்டீக்குச் சாப்பிட நன்றாக இருக்கும். கஸ்டர்ட் ஊற்றிய பகுதியைச் சூடாக்க வேண்டாம், திரிந்துவிடும். அதைக் குளிரக் குளிரவே சாப்பிட்டுவிடுங்கள்.