யூரோ டிரக் சிமுலேட்டர் 2: எல்லாம் சரி, அந்தக் கொட்டாவிதான்…

"துப்பாக்கி வேண்டாம், வெட்டுக்குத்து வேண்டாம். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் நிம்மதியாக விளையாட ஏதாவது இருக்கிறதா?" இப்படிக் கேட்பவர்களுக்கெல்லாம் இந்த கேமைத்தான் கைகாட்டுவேன். கைகாட்டிவிட்டு, இதன் தூக்கக் கணக்கையும் சேர்த்துத் திட்டுவேன். இந்தப் பதிவில் இரண்டும் இருக்கிறது.

பிராக் நகரத்தில் உள்ள எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012 அக்டோபரில் வெளியிட்ட லாரி ஓட்டும் கேம் இது. இன்றைக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கிறது. லோடு எடுக்கணும், ஓட்டணும், இறக்கணும், அவ்வளவுதான். இடித்தால் ரத்தம் இல்லை, வெடிப்பு இல்லை, 'கேம் ஓவர்' என்ற பலகையும் இல்லை. அதிகபட்சம் அபராதம், ரிப்பேர் செலவு, வாடகையில் பிடித்தம். வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தாலும் எஃப்7 அழுத்தி டோ வண்டியைக் கூப்பிட்டால் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

இனி கொட்டாவி. ஐரோப்பிய வரைபடத்தைத் தோராயமாக 19-க்கு 1 என்று சுருக்கியிருக்கிறார்கள். கடிகாரமும் அதே கணக்கில் ஓடும்: ஊருக்கு வெளியே நம்முடைய ஒரு நிமிடம் கேமில் 19 நிமிடம், பிரிட்டனில் 15, ஊருக்குள் நுழைந்தால் 3. டிரைவர் 11 மணி நேரம் ஓட்டலாம், பிறகு 9 மணி நேரம் தூங்க வேண்டும். 11 மணி நேரம் என்றால் 660 நிமிடம். 19-ஆல் வகுத்தால் நம் கடிகாரத்தில் 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஹைவேயில் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டு, பாட்டைக் கேட்டு, அப்பாடா என்று சாயும் நேரத்தில் உள்ளே இருப்பவர் கொட்டாவி விடுவார். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் திரை இருட்டி இருட்டித் திறக்கும். அபராதமும் விழும். ஓய்வுக்காக விளையாட வந்தவரிடம் "போய்த் தூங்கு" என்று நச்சரிக்கும் கேமை என்ன சொல்வது?

இது பாதிக் கதைதான். மீதிப் பாதிதான் உண்மையில் எரிச்சல். 11-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 20. நாளுக்கு 24 மணி நேரம். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் தூக்க நேரம் நான்கு மணி நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். காலை 5 மணிக்குக் கிளம்பினால் மாலை 4-க்குத் தூக்கம். எழுந்தால் நள்ளிரவு 1. அங்கிருந்து பகல் 12 வரை ஓட்டம், தூங்கி எழுந்தால் இரவு 9, பிறகு விடிய விடிய ஸ்டியரிங். ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கத்தானே இத்தனை தூரம்? அது ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையோரத் தடுப்புக் கம்பியாக மட்டும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிஜச் சட்டத்தில் பொதுவான கணக்கு 9 மணி நேரம் ஓட்டம், 11 மணி நேரம் ஓய்வு. கேமில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. எதற்காக அப்படி வைத்தார்களோ!

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. நேரான வழி: ஆப்ஷன்ஸில் கேம்ப்ளே பகுதிக்குப் போய் ஃபெடீக் சிமுலேஷனை, அதாவது இந்தக் களைப்புக் கணக்கை, எடுத்துவிடுவது. பக்கத்திலேயே போக்குவரத்துக் குற்றங்களுக்கான அபராதத்தை நிறுத்தும் வசதியும் இருக்கும். கேம் புதிது என்றால் இரண்டையும் எடுத்துவிட்டே தொடங்கலாம், யாரும் கேலி செய்யப் போவதில்லை.

இரண்டாவது வழி, லோடைப் பார்த்து எடுப்பது. மணிக்கு 80 கிலோமீட்டர் சராசரி கிடைத்தால் 600 கிலோமீட்டர் ஏழரை மணி நேரம், அதாவது நம் கணக்கில் 24 நிமிடம். ஊருக்குள் நேரம் மெதுவாக நகர்வதால் இன்னும் கொஞ்சம் கூடும். நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவர் 700 கிலோமீட்டர் வரை கண்மூடாமல் போய்விடுவார். அதற்கு மேல் எடுத்தால் நடுவில் ஒரு தூக்கம் தேவைப்படலாம். லோடில் சாதாரணம், முக்கியம், அவசரம் என்று மூன்று வகை வரும். தூர லோடை அவசரத்தில் எடுத்தால், தூங்கினாலும் தாமதம், தூங்காவிட்டாலும் அபராதம். சாதாரண வகையைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, கன்சோல், அதாவது கேமுக்குக் கட்டளைகளை அடித்துக் கொடுக்கும் பெட்டி. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கேமின் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் 'கான்ஃபிக்' ஃபைல் இருக்கும். அதில் ஜி_டெவலப்பர், ஜி_கன்சோல் என்ற இரண்டு வரிகளிலும் 0 இருக்குமிடத்தில் 1 போட்டுச் சேமிக்கவும். கேமுக்குள் எஸ்கேப் கீயின் கீழே உள்ள கீயைத் தட்டினால் கன்சோல் திறக்கும். ஜி_செட்_டைம் என்று அடித்து 6 போட்டால் விடியற்காலை ஆறு மணி. கையில் லோடு இல்லாத நேரத்தில் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் டெலிவரிக் கெடு குழம்பும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தூக்கத்தை அணைத்தால் கேம் சப்பென்று போகிறது. சாலையோர ஓய்விடங்களுக்குள் நுழைய காரணமே இல்லாமல் போகும். பார்க்கிங்குக்கான பி பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, வரிசையாக நிற்கும் லாரிகளுக்கு நடுவே இடம் தேடி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைக்கும் அந்தச் சின்ன வேலைதான் பயணத்துக்கு ஒரு நிறுத்தற்புள்ளி. அது இல்லாவிட்டால் தார் ரோடு, தார் ரோடு, மறுபடி தார் ரோடு. எனவே மற்றவர்களுக்கு 'அணையுங்கள்' என்று சொல்லும் என் கேமில் அது ஆனில்தான் இருக்கிறது, வசவும் ஆனில்தான்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ரேடியோ. இன்டர்நெட் ரேடியோவை கேமே நேரடியாக வாசிக்கும். வரும் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய நிலையங்கள், ஆனால் நமக்கு வேண்டியதை நாமே சேர்க்கலாம். முன்பு சொன்ன அதே ஃபோல்டரில் 'லைவ் ஸ்ட்ரீம்ஸ்' என்ற ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு நிலையமும் ஒரு வரி: ஸ்ட்ரீம் முகவரி, பெயர், பாட்டு வகை, மொழி, பிட்ரேட், பிடித்ததா இல்லையா என்பதற்கு 1 அல்லது 0, நடுவில் செங்குத்துக் கோடுகள். கடைசி வரியை நகல் எடுத்து அடியில் ஒட்டி, தமிழ் எஃப்எம் ஒன்றின் ஸ்ட்ரீம் முகவரியைப் போடவும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இரண்டு. அடைப்புக்குள் இருக்கும் வரிசை எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். ஃபைலின் தலையில் இருக்கும் மொத்த எண்ணிக்கையையும் ஒன்று கூட்ட வேண்டும். எண்ணிக்கை பழையபடியே இருந்தால் புது நிலையம் தெரியவே தெரியாது. முகவரி இணையதளத்தின் முகவரியாக இல்லாமல் எம்பி3 ஸ்ட்ரீமின் நேரடி முகவரியாக இருக்கட்டும். இன்னொரு எச்சரிக்கை: கேமுக்குள் இன்டர்நெட்டிலிருந்து பட்டியலைப் புதுப்பிக்கும் பட்டன் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு. ஃபைலுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வம்பே வேண்டாம் என்றால் அதே ஃபோல்டரில் உள்ள மியூசிக் ஃபோல்டரில் எம்பி3 பாட்டுகளைப் போட்டாலும் ஓடும். நார்வே மழையில் வைப்பர் சத்தத்தோடு இளையராஜா கேட்பதற்காகவே தனியாக விற்கும் ஸ்காண்டிநேவியா மேப்பை வாங்கலாம்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம். டெலிவரி இடத்துக்குப் போனதும் மூன்று வாய்ப்பு தருவார்கள்: கடினமான இடம், எளிதான இடம், பார்க்கிங்கே வேண்டாம். மூன்றாவதை எடுத்தால் பார்க்கிங்குக்கான கூடுதல் அனுபவப் புள்ளி மட்டும் கிடைக்காது, வாடகை முழுதாக வரும். பழக விரும்பினால் 2-ஐத் தட்டி வெளிக் கேமராவுக்கு மாறுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் வலது பக்கம் போக ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் உடனே எதிர்ப்பக்கம் ஒடித்து, முன்வண்டியை அதன் பின்னாலேயே போக விட வேண்டும். இந்த இரண்டாவது ஒடிப்பில் தாமதித்தால்தான் வண்டியும் டிரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கும். மடங்கிவிட்டால் பின்னால் போய்ச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து மீட்டர் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஸ்டியரிங் வீல் தேவையில்லை, மவுஸில் திருப்புவதே போதும், கீபோர்டைவிட வழுவழுப்பு. கியர் 'சிம்பிள் ஆட்டோமேட்டிக்' இருக்கட்டும். ஆரம்பத்தில் வங்கிக் கடன் எடுத்து சொந்த லாரி வாங்க ஓடாதீர்கள். குவிக் ஜாபில் வண்டி, டீசல், டோல் எல்லாம் கம்பெனி செலவு. சேர்ந்து ஓட்ட ஆசை என்றால் கேமுக்குள்ளேயே இருக்கும் கான்வாயில் தெரிந்த நண்பர்களோடு மட்டும். பொது சர்வர்களில் கலே–டூயிஸ்பர்க் சாலை எப்படி இருக்கும் என்று யூடியூபில் பார்த்தால் துப்பாக்கிச் சண்டையே தேவலாம் என்று தோன்றும்.

வாங்குவதாக இருந்தால், கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் சேல் வரும்வரை காத்திருங்கள். 75 சதவீதம் வரை குறைவது சர்வசாதாரணம். அடிப்படை கேமிலேயே பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து எல்லாம் உண்டு, பல மாதம் தாங்கும். மேப்புகளை மொத்தமாக அள்ளாமல் ஒவ்வொன்றாக வாங்குங்கள். பிடிக்காவிட்டால், வாங்கி 14 நாளுக்குள், ஓட்டியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த 2 மணி நேரத்தில் எப்படியும் இரண்டு மூன்று முறை கொட்டாவி வரும். அதைப் பொறுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.